முன்னோர் தொழிலும் சான்றின் எல்லையும்: செஞ்சிக் கோட்டைப் பகுதியை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

2025 சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் 'மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள்' என்ற தொகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அத்தொகுதியில் உள்ள 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சார்ந்தது செஞ்சி ஒன்றே. இவ்வறிவிப்பு கோட்டையின் மீது புதிய கவனத்தைத் திருப்பியுள்ளது. ஒரு கோட்டை சின்னமாக அறிவிக்கப்படும்போது, அதைச் சுற்றி வாழ்வோர் 'எங்கள் முன்னோர் இங்கு என்ன செய்தனர்?' என்று வினவுவது இயல்பு. வினா நியாயமானது. அதற்குத் தரப்படும் விடைகளோ பெரும்பாலும் இருவகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, சாதிப்பெயரின் பொருளையே முன்னோரின் தொழிலாகக் கொள்வது. மற்றொன்று, கோட்டை என்றவுடன் படைத்தலைவர், குதிரைவீரர், காவலதிகாரி எனப் பெருமைக்குரிய பணி ஒன்றைக் குடும்பத்திற்கு உரித்தாக்குவது.

இவ்விரு விடைகளும் சான்றின்பாற்பட்டவை அல்ல. முன்னோரின் தொழிலைக் கண்டறிதல் என்பது பெயராய்வு, ஆவணவாசிப்பு, சொற்பொருள் வரலாறு ஆகிய மூன்றும் இணையும் பணியாகும். இம்மூன்றிலும் பயிற்சி தரவல்லவை தமிழ்த்துறைகளே. ஆயினும் குடும்ப வரலாறு 'ஆய்வுக்குரிய பொருளன்று' என்ற எண்ணத்தால் அது ஆர்வலர்களிடமே விடப்பட்டுள்ளது. இந்நிலை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆர்வலரின் முடிவுகள் பிழைபடும்போது வரலாறு மட்டும் பிழைபடுவதில்லை. வாழும் மனிதர்களின் மீது அவர்கள் செய்யாத தொழிலின் பெயர் மீண்டும் ஒட்டப்படுகிறது.

பெயர்களின் வகைமை

தொல்காப்பியப் பெயரியல், உயர்திணைப் பெயர்களைத் தொகுக்கும்போது நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் என அவற்றைப் பிரித்தே காட்டுகிறது. உரையாசிரியர்கள் வினைப்பெயருக்குத் தச்சன், கொல்லன் என்பவற்றையும், குடிப்பெயருக்கு மலையமான், சேரமான் என்பவற்றையும், உடைப்பெயருக்கு அம்பர்கிழான் என்பதையும் எடுத்துக்காட்டுவர். ஒருவன் செய்யும் வினையால் பெறும் பெயரும், பிறந்த குடியால் பெறும் பெயரும், உடைமையால் பெறும் பெயரும் வேறு வேறு என்னும் தெளிவு தமிழிலக்கண மரபின் தொடக்கத்திலேயே இருந்தது. இன்றைய குடும்ப வரலாற்று முயற்சிகள் இவை அனைத்தையும் 'சாதிப்பெயர்' என்ற ஒற்றைச் சொல்லுள் அடக்கிவிட்டு, அதிலிருந்து தொழிலைப் பிழிந்தெடுக்க முயல்கின்றன.

செஞ்சியின் வரலாற்றிலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். 1698இல் முகலாயர் கோட்டையைக் கைப்பற்றிய பின்னர்ப் புந்தேலா இராசபுத்திரரான சொரூப்சிங் கில்லேதாராக அமர்த்தப்பட்டார். அவர் மகன் தேசிங்கு (தேஜ்சிங்) 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மடிந்தார். புந்தேலர்களோடு தமிழகம் வந்தோரின் வழியினர் 'பொந்திலி' எனப்பட்டனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. இது புந்தேல்கண்டு என்னும் நாட்டின் பெயரடியாகப் பிறந்தது. எனவே நிலப்பெயரே அன்றி வினைப்பெயர் அன்று. ஆயினும் பொந்திலி என்றவுடன் 'குதிரைவீரர் பரம்பரை' என்று முடிவுகட்டும் போக்கு உண்டு. ஒரு கில்லேதாருடன் வருவோர் அனைவரும் வாளேந்துவோர் அல்லர். குதிரைக்குக் கொள்ளுவைப்போர், சேணம் தைப்போர், கணக்கெழுதுவோர், சமைப்போர் ஆகிய அனைவரும் வந்தாலன்றிப் படை இயங்காது. நிலப்பெயர் எங்கிருந்து வந்தனர் என்பதை உணர்த்தும். வந்து என்ன செய்தனர் என்பதை உணர்த்தாது.

'கோன்' என்ற சொல் மற்றொரு சிக்கலைக் காட்டுகிறது. மெக்கன்சி தொகுப்பில் உள்ள 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்', செஞ்சிக் கோட்டையின் தொடக்கத்தை ஆனந்தக்கோன் என்பவரோடு இணைத்துப் பேசுகிறது. கோன் என்பது அரசனையும் குறிக்கும். ஆயர்குடியினரின் பட்டமாகவும் வழங்கும். ஒரே சொல் ஆட்சியையும் மேய்ச்சலையும் சுட்டும் நிலையில், அச்சொல்லை மட்டுமே கொண்டு ஒரு குடும்பத்தின் முன்னோர் ஆண்டனர் என்றோ ஆநிரை காத்தனர் என்றோ துணிதல் இயலாது.

இவற்றிற்கு மாறாக, 'சிவியார்' என்பது சிவிகையடியாகப் பிறந்த உண்மையான வினைப்பெயர். பல்லக்குச் சுமத்தலை மேற்கொண்ட பல்வேறு சமூகத்தவர்க்கும் அப்பெயர் வழங்கியது. அங்குப் பெயர் தொழிலைக் காட்டுகிறது, குடியைக் காட்டவில்லை. ஆகவே, ஒரு பெயரைக் கண்டவுடன் அது எவ்வகைப் பெயர் என வினவுவதே ஆய்வின் முதற்படி. அவ்வினாவைத் தொடுப்பதற்கு மேலைநாட்டுக் கோட்பாடு எதுவும் தேவையில்லை, பெயரியலே போதும்.

உரிமையும் உழைப்பும்

தொழில் தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது என்னும் கருத்தும் மறுபார்வைக்கு உரியது. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருடன் கோயிற்பணியாளர் பலரையும் அவர்க்குரிய பங்கையும் பட்டியலிடுகிறது. அங்கு ஓர் ஏற்பாடு சொல்லப்படுகிறது. பங்குடையவர் இறந்தாலோ புறம்போனாலோ அடுத்த உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும். அவர் பணிக்குத் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணிசெய்வித்துப் பங்கைப் பெறலாம். வழிவழி வந்தது காணி என்னும் உரிமை. பணியை வேறொருவர் செய்தற்கும் இடமிருந்தது என்பது இதனால் தெளிவாகிறது.

இவ்வேறுபாடு பிற்கால ஆவணங்களை வாசிப்பதற்கும் இன்றியமையாதது. 1858இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் மானிய நிலங்களை ஊர்தோறும் விசாரித்துப் பதிவேடுகள் உருவாக்கியது. நிலம் எதற்காக வழங்கப்பட்டது, யாரால் வழங்கப்பட்டது, முதலில் பெற்றவர் யார், அன்று அனுபவிப்பவர் யார் என்பன அவற்றுள் குறிக்கப்பட்டன. குடும்பத்தின் தொழிலைத் தேடுவோர்க்கு இவை அரிய சான்றுகள். ஆனால் 'இன்ன ஊழியத்திற்கு மானியம்' என்னும் பதிவு அக்குடும்பத்தின் உரிமைக்கே நேரடிச் சான்றாகும். 1860இல் அவ்வீட்டார் அவ்வூழியத்தைத் தம் கையால் செய்தனர் என்பதற்கு அது தானே சான்றாகாது. மேலும், ஒரு சிறு நிலைவரி செலுத்தும் நிபந்தனையோடு பல மானியங்கள் ஊழியப் பிணைப்பிலிருந்து விடுவிக்கப்பட்டன. அதன்பின் நிலம் குடும்பத்தில் நின்றது. தொழில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிலத்தின் பெயரில் தொழில் எஞ்சியிருக்க, மனிதர் வேறு பிழைப்பைத் தேடிச் சென்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. மானியம் பெற்றோர்க்கே பதிவேட்டில் இடம் உண்டு. மானியமற்ற உழைப்பாளர்க்கு அது இல்லை. 1678இல் இயேசுசபைத் துறவி ஆந்திரே ஃபிரெய்ரே எழுதிய மடல், சிவாசி செஞ்சியில் புதிய மதில்களை எழுப்பி, அகழிகளைத் தோண்டி, நீர்நிலைகளை அமைத்ததை வியந்து பேசுகிறது. அகழி தோண்டியோரைப் பற்றிய பெயர்ப்பதிவு அங்கு இல்லை. கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுசென்ற சுடுமண் குழாய்களை வனைந்தோரும், இராசகிரியின் உச்சிக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தோரும், களஞ்சியத்தை நிரப்பிய நெல்லைக் குற்றியோரும் எப்பட்டியலிலும் இல்லை. இவர்களுள் பெண்கள் எத்துணையர் என்பதை எந்த ஏடும் சொல்லாது. 'முன்னோர் தொழில்' என்று ஆண்வழியில் மட்டும் தேடுவோர், தம் குடும்ப உழைப்பின் ஒரு பாதியைத் தேடலின் தொடக்கத்திலேயே விட்டுவிடுகின்றனர்.

ஆவணங்களின் பேச்சும் மௌனமும்

இங்கிலாந்தில் முன்னோரின் தொழிலைத் தேடுவோர்க்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களே முதன்மைச் சான்று. நூறாண்டு கழித்து அவை பொதுமக்கட்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் வெளிவந்தன. சென்னை மாகாணத்தில் 1871 முதல் நடைபெற்ற கணக்கெடுப்புகளின் அச்சிட்ட அட்டவணைகளே இன்று ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. வீட்டுப் படிவங்கள் காக்கப்படவில்லை. ஆகவே அங்கு வகுக்கப்பட்ட வழிமுறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் பயன்தராது. இங்குள்ள சான்றுகள் வேறு. அவற்றின் மொழியும் வேறு.

பத்திரங்கள் அவற்றுள் முதன்மையானவை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், பத்திரத்தில் ஒருவரைச் சுட்டும்போது அவர் உறைவிடம், தொழில், பதவி, பட்டம், தந்தை பெயர் ஆகியவற்றைக் குறிக்குமாறு வரையறுத்தது. இந்தியராயின் சாதியும் குறிக்கப்பட வேண்டும் என அது முதலில் கூறியது. சாதி பின்னர் அவ்வாசகத்திலிருந்து நீக்கப்பட்டது. சட்டம் தொழிலையும் சாதியையும் தனித்தனியாகக் கேட்டது என்பதே இங்கு நோக்கத்தக்கது. பழைய பத்திரங்களில் காணப்படும் 'ஜீவனம்' என்னும் சொல் இத்தேவையை நிறைவேற்றியது. ஒரே பத்திரத்தில் சாதி ஒன்றாகவும் ஜீவனம் மற்றொன்றாகவும் இருக்குமாயின், முன்னோரின் தொழிலுக்குச் சான்றாவது பின்னதேயாகும்.

ஊர்க்கணக்குகள் அடுத்த சான்று. 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. வழிவழியாக ஊர்க்கணக்கைப் பேணிய வீடுகளில் அரசிடம் சேராத தனிப்பட்ட குறிப்புகளும் படிகளும் தங்கியிருத்தல் கூடும். வீடு இடிக்கப்படும்போது அவை குப்பைக்குச் செல்கின்றன. மொய் ஏடு, அடமானச் சீட்டு, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றின் நிலையும் இதுவே. இவற்றைச் 'சில்லறைத் தாள்கள்' எனக் கருதும் மனப்பாங்கு, சுவடிகளைத் தேடித் தொகுத்த மரபுடைய ஒரு துறைக்குப் பொருந்தாது.

கடல்கடந்தோரின் பதிவுகள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 152,184 பேர். கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் ஆகியன குறிக்கப்பட்டன. ஊரில் செய்த தொழிலை அறிய விழையும் சந்ததியினர் சாதிக் கட்டத்தையே நம்ப நேர்கிறது. அக்கட்டத்தில் உள்ளதும் எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கில எழுத்தில் பெயர்த்தது. அதைத் தொழிலாக வாசிப்பது இரட்டைப் பிழைக்கு இடமளிக்கும்.

செஞ்சியைப் பொறுத்தவரை ஊர்ப்பெயரே தேடலுக்குத் தடையாவதுண்டு. பீசப்பூர் ஆட்சியில் இது பாதுஷாபாத் எனப்பட்டது. மராத்தியர் சந்தி என்றனர். முகலாயர் நுஸ்ரத்கட் எனப் பெயரிட்டனர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜிஞ்சி என எழுதினர். 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாகிப் பின் 1761இல் ஆங்கிலேயரிடம் சென்ற இக்கோட்டையின் சான்றுகள் தமிழ், தெலுங்கு, பாரசீகம், மோடி எழுத்திலமைந்த மராத்தி, பிரெஞ்சு, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் சிதறியுள்ளன. 'செஞ்சி' என்ற சொல்லை மட்டும் கொண்டு ஆவணக்காப்பகத்தில் தேடுவோர்க்கு ஒரு காலத்துச் சான்று கிட்டும். மற்றக் காலங்கள் மறைந்துவிடும்.

மனிதர் பெயரும் அவ்வாறே. பாட்டன் பெயரைச் சூடுவதால் 'பெயரன்' என்றே வழங்கும் மரபு நம்முடையது. கோவிந்தன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் கோவிந்தன் எனப் பெயர்கள் மாறிமாறி வரும்போது, 1880ஆம் ஆண்டுப் பத்திரத்தின் முனுசாமியும் 1930ஆம் ஆண்டுப் பத்திரத்தின் முனுசாமியும் ஒருவராகக் கருதப்படும் இடர் உண்டு. பாட்டனின் தொழில் பெயரனுக்கு ஏறுவது இவ்வாறுதான்.

ஒரு வழிமுறை

இவற்றைக் கருத்திற்கொண்டு ஒரு கற்பனை எடுத்துக்காட்டை நோக்கலாம். கோட்டையை அடுத்த ஓர் ஊரில் ஒரு வீட்டை ஊரார் 'லாயத்தார் வீடு' என்று அழைப்பதாகக் கொள்வோம். லாயம் குதிரைக் கொட்டிலைக் குறிக்கும் சொல். கோட்டைக்குள் குதிரை லாயமும் உள்ளது. எனவே அக்குடும்பத்தின் முன்னோர் கோட்டைக் குதிரைகளைப் பேணினர் எனக் கூறத் தோன்றும். இக்கூற்றை ஏற்குமுன் நான்கு வினாக்கள் எழுப்பப்பட வேண்டும்.

முதலாவது, பெயர் எவ்வகையது? லாயத்தில் பணிசெய்தமையால் வந்த வினைப்பெயரா, லாயத்தின் அருகில் குடியிருந்தமையால் வந்த இடப்பெயரா, பின்னாளில் குதிரைவண்டி வைத்திருந்தமையால் வந்த உடைப்பெயரா? இரண்டாவது, அச்சொல் அப்பகுதியில் எக்காலத்தில் என்ன பொருளில் வழங்கியது? 1855இல் வெளிவந்த வில்சனின் வருவாய்த்துறைச் சொற்றொகுதி, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி, 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஆகியவற்றை ஒப்பிட்டால் பொருள்மாற்றம் புலப்படும். மூன்றாவது, அப்பெயரைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று எது? அதற்கும் கோட்டை படைவீடாக இருந்த காலத்திற்கும் இடையே எத்தனை தலைமுறை உள்ளது? நான்காவது, குடும்பத்திற்கு வெளியே உள்ள சான்று ஒன்றேனும் அதை உறுதிசெய்கிறதா?

இந்நான்கிற்கும் விடை கிடைத்தால் அத்தொழில் 'உறுதி' எனலாம். பெயர்வகையும் காலமும் பொருந்தி வெளிச்சான்று இல்லையெனில் 'வாய்ப்பு' எனலாம். குடும்பத்தார் கூற்று மட்டுமே எஞ்சின் 'வழக்கு' எனக் குறிக்கலாம். இம்மூன்று சொற்களும் ஆய்வுக்கட்டுரைகளில் இடம்பெறத் தொடங்கினாலே பல பிழைகள் தவிர்க்கப்படும்.

பெருமையும் மறைப்பும்

வாய்மொழி மரபை இவ்வாறு எழுத்துச் சான்றின் முன் நிறுத்துவது, எழுத்தற்றோரின் வரலாற்றை மறுப்பதாகாதா என்னும் மறுப்பு எழலாம். அது வலுவுடைய மறுப்பே. ஆயினும் 'வழக்கு' எனக் குறிப்பது தள்ளுவதாகாது. தேசிங்கு கோட்டையின் தலைமையில் இருந்த காலம் ஓராண்டைக்கூட எட்டவில்லை. அவரைப் பாடும் கதைப்பாடலோ தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. மக்கள் எதை நினைவிற்கொள்ள விரும்பினர் என்பதற்கு அக்கதைப்பாடல் முதன்மைச் சான்று. 1714ஆம் ஆண்டுப் போரின் நிகழ்வொழுங்குக்கு அது துணைச் சான்று. குடும்பத்தார் கூற்றும் அத்தகையதே. முன்னோர் குதிரைவீரர் எனச் சொல்லப்படும் இடத்தில், அவர் என்ன செய்தார் என்பதைக் காட்டிலும் எதைச் சொன்னால் ஊரில் மதிப்புக் கிட்டியது என்பதை அது தெளிவாக உரைக்கிறது.

இதனினும் கடிய வினா ஒன்றுண்டு. எல்லாத் தொழில்களும் ஒரே மதிப்புடன் நோக்கப்பட்ட சமூகம் அன்று இது. தொழிற்பெயர்கள் பல வசைச்சொல்லாகவும் ஆளப்பட்டன, இன்றும் ஆளப்படுகின்றன. ஒரு குடும்பம் தன் பழைய தொழிலை மறந்தது எனில், அம்மறதி கவனக்குறைவால் நேர்ந்ததாக இல்லாமல், முயன்று பெற்ற விடுதலையாகவும் இருத்தல் கூடும். ஊரை விட்டு நீங்கியும் பெயரை மாற்றியும் ஒருவர் பெற்ற விடுதலையை, ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பு பறித்துவிடக் கூடாது. ஆகவே வாழும் குடும்பங்களை அடையாளம் காட்டும் செய்திகளை அவர்கள் இசைவின்றி வெளியிடலாகாது என்பது ஆய்வுநெறியாக வேண்டும். படைத்தலைவர் வழியினர் என்னும் உரிமைகோரலுக்கு எத்துணைச் சான்று கேட்கப்படுகிறதோ, அதற்குக் குறையாத சான்று இழிவாகக் கருதப்பட்ட தொழிலை ஒருவர் மீது ஏற்றும்போதும் கேட்கப்பட வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக உள்ளது. பெருமைக்குரிய தொழிலை ஐயுறும் ஆய்வாளரும், சாதிப்பெயரைக் கண்டு இழிதொழிலை உடனே ஏற்றுக்கொள்கின்றனர்.

முடிவுரை

செஞ்சி இன்று மராத்தியப் படைத்துறையின் பெயரால் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அப்பெயர் அக்கோட்டையின் ஒரு காலத்தை ஒளிபெறச் செய்கிறது. எஞ்சிய காலங்களையும், எக்காலத்திலும் பெயர்பெறாத உழைப்பையும் ஒளிக்குக் கொணர்வது உள்ளூர் ஆய்வின் கடன். இதற்கு மூன்று செயல்கள் உடனடித் தேவை. குடும்பங்களிடம் உள்ள பத்திரங்கள், கணக்குகள், ஏடுகள் ஆகியவற்றை உரியவரிடமே விட்டு, அவற்றின் படிகளை மட்டும் தொகுக்கும் பணியைப் பகுதிசார் தமிழ்த்துறைகள் மேற்கொள்ள வேண்டும். முதுகலைப் பாடத்திட்டத்தில் கல்வெட்டியலுக்கும் சுவடியியலுக்கும் அடுத்து, 19, 20ஆம் நூற்றாண்டு ஆவணவாசிப்பும் ஒரு தாளாக இடம்பெற வேண்டும். முன்னோர் தொழில் குறித்த ஒவ்வொரு கூற்றும் உறுதி, வாய்ப்பு, வழக்கு என்னும் தரக்குறிப்போடு வெளியிடப்பட வேண்டும்.

தொழிலைத் தேடிச் செல்லும் ஒருவர் இறுதியில் 'அறிய இயலவில்லை' என்னும் விடையோடு திரும்ப நேரலாம். அவ்விடை தோல்வியன்று. சான்றில்லாத இடத்தில் ஒரு வாளை வைப்பதைவிடவும், அதே இடத்தில் ஓர் இழிவை வைப்பதைவிடவும், அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டுவைத்தல் முன்னோர்க்குச் செய்யும் மரியாதையாகும்.